சித்திரையும் சவ்வாலும் முட்டிக்கொண்ட நாள்

அத்தியாயம் ஒன்பது

பாம்பன் பாலம் கப்பலுக்கு வழிவிட்டு எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று பொன்னழகு வருடா வருடம் நச்சரிப்பாள். “பாலம்னா மேல போறதுக்குத்தான். பாக்குறதுக்கா?” என்று அவள் அப்பா உடையப்பனும் வருடா வருடம் ஒரே பதிலைச் சொல்வார். இந்தச் சித்திரையில் அவரே போய் வள்ளக்காரனிடம் பேசிவிட்டு வந்து, “கெளம்புங்க, கெளம்புங்க” என்று அவசரப்படுத்தினார். இனிமேல் இந்தக் கரைப் பக்கமே வரப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட மனிதருக்குத் திடீரென்று தாராளம் பொங்குவது இயற்கைதானே!

கூடவே வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இந்த ஸ்டேஷனில் புதிதாக ஏறியவர்களுக்காக நாலு வார்த்தை.

திண்டுக்கல் வெங்காய மண்டி உடையப்பனும், பேகம்பூர் தோல் வியாபாரி பீர் முகமதுவும் ஒரு காலத்தில் கூட்டாளிகள். கொழும்புக்கு வெங்காயம் அனுப்பினார்கள். கப்பல் ஏற்ற வந்து போகத் தோதாக, மண்டபம் கடற்கரையில் வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினீயர் ஒருவர் விட்டுவிட்டுப் போன பங்களாவைப் பாதிக்குப் பாதி சேர்த்து வாங்கினார்கள். நம் ஊரில் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சுவது போல வீட்டுக்கும் முறை வைத்தார்கள். சித்திரை மாதம் உடையப்பன் குடும்பத்துக்கு. நோன்புப் பெருநாளோடு பிறக்கிற சவ்வால் மாதம் பீர் முகமது குடும்பத்துக்கு. முறையைப் பற்றி எழுத்து எதுவும் கிடையாது. தோளில் கை போட்டுக்கொண்டு பேசியதுதான். மற்ற மாதங்களில் கணக்கப்பிள்ளைகள் வந்தால் தங்குவார்கள், வராவிட்டால் வீடு காவல்காரன் சடையாண்டிக்கும் வௌவால்களுக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் தனுஷ்கோடியில் சரக்கு தேங்கி, வெங்காயம் மூட்டையோடு அழுகியது. குற்றம் யார் மேல் என்ற பேச்சில் கூட்டும் அழுகிப் போனது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் முகத்துக்கு முகம் பேச்சு கிடையாது. வீடு ஒன்றுதான் மிச்சம். அதையும் விற்றுவிடப் போகிறார்கள். வாங்குகிற உப்பு வியாபாரியை அழைத்துக்கொண்டு நாளைக் காலை ரயிலில் பொன்னுத்துரை வருகிறான். பொன்னுத்துரை யார்? உடையப்பனின் மனைவி ராமுத்தாய்க்கு ஒரே தம்பி.

ராமுத்தாய்க்கு வீட்டை விற்பதில் துளியும் சம்மதம் இல்லை. மண்டிக்குப் பின்கட்டு வீட்டில் வெங்காயத் தூசியும் கொழுந்தன், ஓரகத்தி கூட்டமுமாகப் பதினொரு மாதத்தை ஓட்டுகிறவள் அவள். அந்த வீட்டில் அவள் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் யாராவது ஒருவர் வந்து சாத்திவிட்டுப் போவார்கள். இங்கே சித்திரையில் அவள் திறந்தால் ஜன்னல் திறந்தே இருக்கும். வீடு ஓட்டை வீடுதான். மழை வந்தால் ஓடு ஒழுகும், உப்புக் காற்றில் கம்பிகள் எல்லாம் கையோடு வரும், கதவுகள் உப்பிப்போய் ஆள் சாய்ந்து தள்ளினால்தான் நகரும். அவளுக்கு அது பெரிதில்லை. உலகத்தில் அவள் இஷ்டத்துக்கு இருந்த ஒரே வீடு இதுதான்.

வள்ளத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் ஆட்கள் செக்குமாடு மாதிரி நெம்புகம்பியைத் தள்ளித் தள்ளிச் சுற்றினார்கள். அம்மாம்பெரிய இரும்பு நடுவில் பிரிந்து, மெல்ல மெல்ல மேலே போனது. தோணி ஒன்று பாய்மரம் இடிக்காமல் நுழைந்து வெளியேறியது.

“அப்பா, கையால சுத்தித்தான் தூக்குறாங்க!” பொன்னழகு குதித்ததில் வள்ளம் ஆடியது. பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண். எதைப் பார்த்தாலும் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு.

“உக்காரு ஆத்தா, கவுத்துப்புடாத” என்றார் உடையப்பன், வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சந்தையில் ஆயிரம் பேரை அதட்டுகிறவர். தண்ணீர் இடுப்புக்கு மேல் போனால் அதட்டல் உள்ளே போய்விடும்.

ராமுத்தாய் பாலத்தைப் பார்க்கவில்லை. “ஏங்க, வித்துத்தான் ஆகணுமா?” என்றாள்.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? பாய் அவரு பாதிய வித்துப்புடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நாளைக்கு ஊரு பேரு தெரியாத ஒரு உப்பு யாவாரி கூடவா நாம முறை வச்சுக் குடியிருக்கிறது? சேத்து வித்துட்டா தொல்ல விட்டுச்சு.”

“அவுக வாயால உங்ககிட்ட சொன்னாகளா?”

“நாங்கதான் பேசிக்கிறதில்லையே. உன் தம்பிதான நடந்து நடந்து பேசிட்டு வாரான். நம்ம பய, நமக்குக் கெடுதலா செய்வான்?”



விற்பதில் அவளுக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்த வீட்டில் சவ்வால் மாதத்தில் வந்து சமைக்கிற அந்த இன்னொருத்தியை அவள் இது வரை பார்த்ததே இல்லை. திண்டுக்கல்லில் இரண்டு வீட்டுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் கல்யாணம் காட்சி என்றால் ஆண்கள் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வருவார்கள். பெண்களுக்கு இடையில் இருந்தது இந்த அடுப்படி ஒன்றுதான்.

முதல் வருடம் ஊருக்குத் திரும்பும்போது, எடுத்துப் போகச் சோம்பல்பட்டு ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயை ராமுத்தாய் பரணில் விட்டுவிட்டுப் போனாள். அடுத்த சித்திரையில் வந்தபோது ஜாடி கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் பனையோலையில் முடைந்த மூடி போட்ட சின்னப் பெட்டி. திறந்தால் உள்ளே கடற்கரையில் பொறுக்கிய சங்கும் சிப்பியும். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவள் ஜாடியை நிறைத்து வைத்துவிட்டுப் போவாள். ஓலைப்பெட்டி அவளுக்காகக் காத்திருக்கும். ஆண்கள் சண்டை போட்டுக்கொண்ட வருடத்தில்கூட ஜாடியும் நிற்கவில்லை, பெட்டியும் நிற்கவில்லை.

பெட்டியையும் அடுப்படியையும் வைத்துக்கொண்டே ராமுத்தாய் அந்தப் பெண்ணுக்கு ஓர் உருவம் செய்து வைத்திருந்தாள். கொடிக்கயிறு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறது, அதனால் நல்ல உயரம். தேங்காய்த் துருவியை எப்போதும் அடுப்புக்கு இடது புறமே போட்டிருக்கிறது, அதனால் இடது கைக்காரி. யாரும் போகாத தென்கரைச் சங்கெல்லாம் பெட்டியில் இருக்கிறது, அதனால் தனியாக வெகுதூரம் நடக்கிற தைரியசாலி. நாளையோடு வீடு போனால் இந்த உருவம் சரியா தப்பா என்று தெரியாமலே போய்விடும்.

வெயில் ஏறிய பிறகு கரைக்குத் திரும்பினார்கள். மணலில் நடந்து பங்களாவின் முன்புறம் வந்த உடையப்பன் சட்டென்று நின்றார்.

வாசலில் ஒரு கூண்டுவண்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டி, படுக்கை, அண்டா, ஓலைப்பாய் எல்லாம் கீழே இறங்கிக் கிடந்தன. அவற்றின் நடுவே, துருக்கித் தொப்பியும் நீளக் கோட்டுமாக வியர்த்து வடிந்துகொண்டு நின்றவர் சாட்சாத் பீர் முகமதுவேதான். வண்டிக்குள் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஓர் உருவம்.

சடையாண்டி இரண்டு முதலாளிகளுக்கும் நடுவில் வந்து நின்றான். செம்பட்டிக்காரன், எதற்கும் அஞ்சாதவன். அவன் முகத்தில் அன்றுதான் பயத்தைப் பார்க்க முடிந்தது.

“சடையாண்டி” என்றார் பீர் முகமது, உடையப்பனைப் பார்க்காமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு. “பிறை பாத்தாச்சு, பெருநாள் தொழுதாச்சு, சவ்வால் பொறந்தாச்சு. எங்க மாசத்துல அவுகளுக்கு இங்க என்ன சோலின்னு கேளு.”

சடையாண்டி திரும்பினான். “மொதலாளி, அவுக கேக்குறாக...”

“எனக்கு என்ன, காது செவிடா? சடையாண்டி, சித்திரை முடிய இன்னும் நாள் கெடக்கு. அவரு வீட்டுல பஞ்சாங்கம் இல்லையான்னு கேளு.”

“மொதலாளி, பஞ்சாங்கம்...”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. பஞ்சாங்கத்தப் பாத்தா எனக்குப் பெருநாள் வருது? பத்து வருசமா முறை தப்பாம வர்றேன். யாரு முறையில யாரு வந்து குந்தியிருக்குறதுன்னு கேளு.”

“குந்தியிருக்குறதா? வார்த்தைய அளந்து பேசச் சொல்லு சடையாண்டி!”

சடையாண்டி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு, “செத்த நேரம் இருங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்” என்று நழுவப் பார்த்தான். இரண்டு முதலாளிகளும் ஒரே குரலில் “நில்றா!” என்றார்கள். மூன்று வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

பொன்னழகு விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “அப்பா, சித்திரை சூரியனப் பாத்து வர்ற மாசம். எப்பவும் கோடையிலதான் வரும். அவுக மாசம் பிறையப் பாத்து வர்றது. வருஷத்துக்குப் பத்து நாளு, பதினோரு நாளு முன்னாடி முன்னாடி நகந்துக்கிட்டே வரும். நீங்க பேசி முடிச்ச வருஷம் ஆவணியில இருந்துச்சு. இப்ப நகந்து நகந்து சித்திரைக்குள்ள வந்திருச்சு.”

“அதனால?”

“அதனால ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்.”

ஒருவர் சொல்வது தப்பு என்றால் அவரை வெளியே அனுப்பிவிடலாம். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றால் என்ன செய்வது? தோளில் கை போட்டுப் பேசிய அன்று இரண்டு பேரில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அவர் மாதம் அவருக்கு நிஜம், இவர் மாதம் இவருக்கு நிஜம்.

ராமுத்தாய் வண்டியைப் பார்த்தாள். துப்பட்டிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. புருஷனைக் கேட்காமல் வாசலில் ஒரு முடிவைச் சொல்வது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

“சடையாண்டி, சாமான எடுத்து உள்ள வையி. கெழக்குப் பக்கத்து ரூம்பு ரெண்டும் அவுகளுக்கு. வெயில்ல வந்தவுகள வாசல்ல நிறுத்திக்கிட்டா மாசத்தப் பத்திப் பேசுறது?”

உடையப்பன் வாயைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். சித்திரையில் இந்த வீட்டில் அவள் திறந்தது திறந்தபடிதான் இருக்கும்.

அடுப்படியில் ராமுத்தாய் காத்திருந்தாள். அரிசியைக் களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். வாசல் பக்கம் வளையல் சத்தம் கேட்டது.

துப்பட்டியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உம்மு சல்மா உள்ளே வந்தாள். குட்டையான, உருண்டையான பெண். ராமுத்தாயின் தோளுக்குக்கூட எட்டமாட்டாள்.

ராமுத்தாய்க்கு மரியாதை எல்லாம் மறந்துவிட்டது. “நீங்க ஒசரமா இருப்பீகன்னுல்ல நெனச்சேன்!”

“யாரு சொன்னா?”

“கொடிக்கயிறு.”

சல்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அது எங்க மக நசீம் பானு கட்டுனது. அவதான் தென்ன மரம் மாதிரி வளந்திருக்கா. நான் அந்த வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன முக்காலி மேல ஏறி நின்னுல்ல துணி போடுவேன். இந்த வருஷம் அவ மாமியா வீட்டுல தலப்பெருநாள். நாங்க ரெண்டு பேருந்தான் வந்தோம்.”

“இடது கை?”

“அதெப்படி உங்களுக்கு...? அது மட்டும் நெசம்.” சல்மா ராமுத்தாயை மேலும் கீழும் பார்த்தாள். “நானும் உங்களப் பத்தி ஒண்ணு நெனச்சு வச்சிருந்தேன். ரொம்பக் கோவக்காரின்னு.”

“ஏன்?”

“ஊறுகா ஜாடி மூடிய அம்புட்டு இறுக்கிக் கட்டியிருப்பீக. அவுகளக் கூப்புட்டுத்தான் அவுக்கணும்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு முன் தாழ்வாரம் வரை கேட்டது. அங்கே ஒரு கோடியில் உடையப்பனும் மறு கோடியில் பீர் முகமதுவும், கால் உடைந்த பிரம்பு நாற்காலிகளில் கடலைப் பார்த்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே என்ன சிரிப்பு என்று கேட்க இரண்டு பேருக்கும் ஆசை. யாரிடம் கேட்பது?

சமைக்கிறபோது பேச்சு ஊறுகாயில் வந்து நின்றது. இந்த வருட மாங்காயை ராமுத்தாய் முந்தாநாள்தான் நறுக்கி உப்புப் போட்டிருந்தாள். சல்மா ஜாடியைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, நாங்க மொத வருஷம் வந்தப்ப இது மூணு மாசத்துக்கு மேல ஊறிக் கெடந்துச்சு. நாக்குல வச்சா கரைஞ்சுச்சு. அடுத்த வருஷம் கொஞ்சம் கெட்டி. அதுக்கடுத்த வருஷம் இன்னும் கெட்டி. போன வருஷம் கடிச்சா நறுக்குன்னு சத்தம் போட்டுச்சு. உப்பு தோலத் தாண்டி உள்ளயே எறங்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“என்ன தெரிஞ்சுச்சு?”

“நீங்க போனதும் நாங்க வந்ததும் கிட்டக் கிட்ட வந்திருச்சுன்னு. அடுத்த வருஷம் ஊறுகா போடுற கையவே பிடிச்சிறலாம்னு.”

ராமுத்தாய் அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். “தெரிஞ்சேதான் வந்தீகளா? பாய்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா நாள மாத்திக் கூட்டிட்டு வந்திருவாகள்ல? ஆம்பளைக கண்ணுக்கு மாசந்தான் தெரியும். நமக்கு மாங்கா தெரியும்.” சல்மாவின் குரல் தணிந்தது. “எனக்கு உங்கள ஒரு வாட்டியாவது பாக்கணும் அக்கா. இந்த வருஷத்த விட்டா வழியில்லையே.”

தன்னைப் பார்ப்பதற்காக ஒருத்தி திட்டம் போட்டு, ரயில் ஏறி, வெயிலில் வண்டி பிடித்து வந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து ராமுத்தாய்க்கு இப்படி யாரும் செய்ததில்லை. கண்ணில் வந்ததை அடுப்புப் புகை மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்து வெயில் சாய்ந்ததும், “வாங்கக்கா, ஒண்ணு காட்டுறேன்” என்று சல்மா தென்கரைக்கு அழைத்துப் போனாள். பொன்னழகு சிப்பி பொறுக்கிக்கொண்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டாள்.

மண்டபத்தில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வடக்குக் கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடக்கும். அதைப் பெண்கடல் என்பார்கள். தெற்கே இருப்பது ஆண்கடல். கோடைக் காற்று கிளம்பிவிட்டால் அலை கரையை அடித்துப் புரட்டும். “பேரு வச்சவுக நம்ம வாசல்ல நடந்த சண்டையப் பாத்துட்டுத்தான் வச்சிருக்காக” என்றாள் சல்மா. ராமுத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள்.

அலை வந்து தொடுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே சல்மா மண்டி போட்டு உட்கார்ந்து, இடது கையால் மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. கையில் அள்ளி நீட்டினாள்.

“குடிங்க.”

“உப்புத் தண்ணியையா?”

“குடிச்சுட்டுச் சொல்லுங்க.”

ராமுத்தாய் தயங்கித் தயங்கி உறிஞ்சினாள். நல்ல தண்ணீர்! சிறுமலை ஓடைத் தண்ணீர் மாதிரி இனித்தது. பத்து அடி தள்ளிக் கடல் கத்திக்கொண்டிருக்கிறது, இங்கே இப்படி ஒரு தண்ணீர்! அவள் தானே இன்னொரு குழி தோண்டினாள். அதிலும் ஊறியது. சின்னப் பிள்ளை மாதிரி மூன்றாவது குழியும் தோண்டினாள். இத்தனை வருடம் வந்தும் இது தெரியவில்லையே! இன்னும் என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறதோ என்று சுற்றிலும் ஆசையோடு பார்த்தாள்.

சல்மா சிரிக்கவில்லை. “அக்கா, நீங்க கோவிச்சுக்கலேன்னா ஒண்ணு கேக்குறேன். வீட்ட விக்க வேணாம்னு உங்க வீட்டுக்காரருகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

ராமுத்தாயின் கை குழிக்குள்ளேயே நின்றது. “நாங்களா விக்கிறோம்? பாய்தான அவுக பாதிய வித்துப்புடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக?”

“அவுகளா? நல்லாருக்கே கத! உங்க வீட்டுக்காரரு உப்பு யாவாரிக்கு வாக்குக் குடுத்துட்டாரு, இனி வேத்தாளு கூட எப்படி முறை வைக்கிறது, நாமளும் சேந்து குடுத்துருவோம்னுல்ல சொன்னாக? ‘என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம உடையப்பன் விக்கிறானே’ன்னு அவுக ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல.”

“யாரு வந்து சொன்னா?”

கேட்கும்போதே ராமுத்தாய் குழியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சல்மா அவளைப் பார்த்தாள். பிறகு மணலைப் பார்த்தாள். “எனக்குப் பேரு தெரியாதுக்கா. நான் உள்ள இருந்து பாத்ததும் கேட்டதுந்தான். சிவப்பா, சுருட்ட முடி. நாலஞ்சு வாட்டி வந்தாரு. வர்றப்பல்லாம் ஒரு சீப்பு சிறுமலப் பழம் கொண்டாந்து குடுப்பாரு. உடையப்பன் மச்சினன்னு அவுக சொன்னாக.”

சிறுமலைப் பழம். ராமுத்தாய் வீட்டுக்கும் அதே பழந்தான் வந்தது. ‘அக்காவுக்குப் பிடிக்கும்னு தேடி வாங்கிட்டு வந்தேன்’ என்று சொல்லிக்கொண்டுதான் அவன் உள்ளே நுழைவான். இந்த வாசலில் அவர் விற்கிறார் என்றும், அந்த வாசலில் இவர் விற்கிறார் என்றும் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்கிற தைரியம்!

“வெங்காயம் அழுகுனப்ப கூட” என்று சல்மா மெல்ல இழுத்தாள், “ரெண்டு பக்கமும் நடந்து சமாதானம் பேசுனது அவருதானாமே?”

சமாதானம் பேசியும் ஏன் சமாதானம் ஆகவில்லை? ராமுத்தாய் அதை யோசிக்கவே பயந்தாள்.

“நீங்க எதுவும் சொல்ல வேணாம்க்கா” என்றாள் சல்மா. “தம்பியாச்சே. நான் ராத்திரி அவுக காதுல போட்டுர்றேன். என் மேல போகட்டும்.”

அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு ராமுத்தாய்க்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். பொங்கலுக்குச் சீர் கொண்டுவர, கொழுந்தன்மார் முன்னால் அவளுக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று காட்ட, நாளைக்குப் பொன்னழகு கல்யாணத்தில் தாய்மாமனாக மணவறைக்குப் பக்கத்தில் நிற்க அவன் ஒருவன்தான். வாயைத் திறந்தால் அவன் போய்விடுவான். மூடிக்கொண்டால் வீடு போய்விடும். சல்மா வழியாகச் சொல்லிவிட்டால்? அதுவும் இன்னோர் ஆள் விட்டுச் சொல்லுகிற பேச்சாகத்தான் இருக்கும். ஆள் விட்டு ஆள் விட்டுத்தானே இத்தனையும் வந்தது?

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். “வேணாம் சல்மா. என் வாயாலயே சொல்றேன்.”

திரும்பி வந்தபோது பீர் முகமது அந்தி நேர மக்ரிப் தொழுகையை முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். உடையப்பன் அதே கோடியில் அதே நாற்காலியில். சடையாண்டி அரிக்கேன் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். சல்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ராமுத்தாய் தாழ்வாரத்தின் நடுவில் வந்து நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவள் இது வரை ஏறிட்டே பார்த்திராத பீர் முகமதுவையும் பார்த்தாள்.

“பாய் விக்கல. இவுகளும் விக்கல. ரெண்டு பேருக்கும் நடுவுல பொய் சொன்னது என் தம்பி பொன்னுத்துரை.”

உடையப்பன் எழுந்துவிட்டார். “என்னடி உளர்ற?”

“உளறல. வேணும்னா அவுகளையே கேளுங்க. எதுக்க தான இருக்காக?”

உடையப்பன் திரும்பினார். பழக்கதோஷம், கண் முதலில் சடையாண்டியைத்தான் தேடியது. அவன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் போய்விட்டான். உடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பாய்... அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?”

பீர் முகமதுவின் கையிலிருந்த பாய் சரிந்து விரிந்துகொண்டது. “நீ வாக்குக் குடுத்துட்டன்னு சொன்னான் உடையப்பா. என் பாதியப் பத்தி உனக்குக் கவலையே இல்லன்னு சொன்னான். நீயா இருந்தா என்கிட்ட நேர்ல வந்து சொல்லியிருப்பியேன்னு எனக்குத் தோணலையே. எனக்கு அறிவு எங்க போச்சு?”

“எனக்கு மட்டும் எங்க இருந்துச்சு பாய்?”

உடையப்பனுக்கு வெட்கம் கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். “வரட்டும். நாளைக்கு ரயில விட்டு எறங்கட்டும். பிளாட்பாரத்துலயே வச்சு அவன் கால ஒடிக்கல...”

“நானும் வாரேன்” என்றார் பீர் முகமது, கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு.

“நீங்க யாரும் வர வேணாம்” என்றாள் ராமுத்தாய். “ஸ்டேசனுக்கு நான் போறேன்.”

“நீயா? ஒத்தையிலயா?”

“எனக்குத்தான அவன் தம்பி? ஏன் செஞ்சேன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். அதுக்கப்பறம் நீங்க என்ன செய்யணுமோ செய்யுங்க.”

“ஒத்தையில எதுக்கு?” கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது ஒரு குரல். வேற்று ஆண் காது கேட்க உம்மு சல்மா பேசுவது அதுதான் முதல் தடவை. “நானும் அக்கா கூடப் போறேன்.”

பீர் முகமது கதவைத் திரும்பிப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

ராமுத்தாய் உள்ளே போனாள். அடுப்படிச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இது வரை தாங்கியது அவ்வளவுதான். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். பொன்னழகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற பெண் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா செத்தபோது பொன்னுத்துரைக்கு நாலு வயது. அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் ராமுத்தாய்தான். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகும், அவன் எந்நேரம் வாசலில் நின்றாலும், “வா அப்பு, சாப்டியா?” என்றுதான் அவள் வாயில் வரும். நாளைக் காலை அவன் ரயிலை விட்டு இறங்கி, எப்போதும் போலச் சிரித்துக்கொண்டு எதிரே வந்து நிற்கும்போது, அவனை அவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்?